பள்ளி விட்டு வந்த பசிக்கு என்ன எடுப்பது? குழந்தைகள் நல்ல தின்பண்டத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபம், உச்சிப்புளி ஊர்ப் பக்கத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். எங்கள் வீட்டில் செய்து பார்த்ததும், வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கவனித்ததும் இதில் இருக்கின்றன.

பெரும்பாலான வீடுகளில் வேலை தலைகீழாகத் தொடங்குகிறது. முதல் நாளே பிஸ்கெட்டையும் சிப்ஸையும் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமேல் இதெல்லாம் கிடையாது" என்று அறிவித்து, மாலையில் அவித்த பயறைத் தட்டில் வைக்கிறார்கள். பிள்ளை அழுகிறது. இரண்டு நாள் கழித்து அப்பத்தா முந்தானையை அவிழ்த்துப் பத்து ரூபாய் கொடுக்கிறார். பெட்டிக்கடைச் சரம் மறுபடி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பயறும் "தண்டனைச் சாப்பாடு" என்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

நேரமும் இடமும் முதலில், பண்டம் அடுத்து, பேச்சு கடைசியில். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

இறுக மூடும் சிறிய எவர்சில்வர் சம்புடங்கள் இரண்டு மூன்று. பெரிய டப்பா வேண்டாம். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பொரியும் வறுத்த கடலையும் ஒருநாள் திறந்து மூடினாலே நமுத்துப்போகும். நமுத்த கடலையை ஒரு முறை மென்ற பிள்ளை அடுத்த முறை அந்தச் சம்புடத்தைத் தொடாது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, சிறு சம்புடங்களில் பிரித்து வைத்தால் ஒன்று திறந்திருக்கும்போது மற்றவை மொறுமொறுப்பாகவே இருக்கும்.

பழத்துக்கு ஒரு பனையோலைக் கொட்டான். காற்றோட்டம் இருப்பதால் கொய்யாவும் வாழையும் வியர்த்து அழுகாது, பார்வைக்கும் திறந்திருக்கும். எறும்பு வரும் வீட்டில் கொட்டானைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள்.

பிள்ளையின் இடுப்பு உயரத்தில் ஒரு அலமாரித் தட்டு. ஒரு பழைய நோட்டு. இவ்வளவு போதும், புதிதாக எதையும் விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

பிள்ளை எப்போது கேட்கிறது, என்ன கேட்கிறது, யார் கொடுத்தார்கள், அதற்கு முன் எப்போது சாப்பிட்டது. இந்த நான்கை மட்டும் குறியுங்கள். யாரையும் திட்ட வேண்டாம், எதையும் தடுக்கவும் வேண்டாம்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எழுதிப் பார்த்தவர்களின் நோட்டில் பொதுவாக ஒரே செய்தி தெரியும். பள்ளியில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் முடிந்துவிடுகிறது. பிள்ளை வீடு திரும்பும்போது நாலரை. இடையில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்திருக்கிறது. விளையாட்டு அவசரத்தில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்த நாளில் பசி இன்னும் அதிகம். நாம் "தீனி ஆசை" என்று அதட்டுவது பல நாள் நேர்மையான பசிதான். பசிக்குச் சாப்பாடு போன்ற ஒன்று வேண்டும், நாக்குக்கு மட்டும் உறைக்கும் காற்றடைத்த பாக்கெட் அந்த வேலையைச் செய்யாது.

வேறு சில வீடுகளில் நோட்டு வேறொன்றைக் காட்டும். பிள்ளை கேட்பதே இல்லை. தம்பி தூங்க வேண்டும், அம்மா மீன்வலை வேலையை முடிக்க வேண்டும், விருந்தாளி வந்திருக்கிறார் என்று பெரியவர்கள்தான் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். அந்த வீட்டில் மாற வேண்டியது பிள்ளை இல்லை.

3. வீட்டுப் பெரியவர்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவாருங்கள்

அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா, மாமா என யாரெல்லாம் காசும் பண்டமும் கொடுப்பார்களோ, அவர்களிடம் பிள்ளை இல்லாத நேரத்தில் பேசுங்கள். "கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் மனம் நோகும். பேரப்பிள்ளைக்கு ஏதாவது கொடுப்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம், அதை நாம் பறிக்கக் கூடாது. அந்தக் கையில் வேறு பொருளைக் கொடுத்துவிடுவதே வழி. "அத்தை, கடலை உரிப்பது இனி உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் உங்களிடம்தான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் இது நன்றாக நடக்கிறது.

படகு கரை சேர்ந்து கையில் பணம் வந்த நாளில் அப்பா தாராளமாகக் காசு கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். கடலில் இருந்த நாள்களின் ஏக்கம் அதில் இருக்கிறது. அந்தக் காசைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழம் வாங்கித் தரச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காசைவிட அந்தக் கடைத்தெரு நடைதான் பெரிதாகத் தெரியும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வாப்பா வரும்போது பெட்டி நிறைய சாக்லேட் வரும். அதைப் பிடுங்கி ஒளித்தால் வாப்பாவின் அன்பையே பிடுங்கியதாகப் பிள்ளை நினைக்கும். வந்த அன்றே அக்கம்பக்கத்துக்கும் உறவினருக்கும் பிள்ளையின் கையாலேயே பங்கு வைக்கச் செய்யுங்கள். மிச்சத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்து, வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு என்று குறித்துவிடுங்கள்.

4. நேரத்தைக் கட்டுங்கள்

பள்ளி நாளில் மாலை நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு தின்பண்ட வேளை. விடுமுறையில் முற்பகல் ஒன்று, மாலை ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி.

வேளை தெரியாத பிள்ளை எப்போது கிடைக்குமோ என்ற கவலையில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேளை தெரிந்த பிள்ளை காத்திருக்கும், பசியோடும் வரும். பசியோடு வரும் பிள்ளையிடம் கொய்யா தோற்காது.

என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. இந்தப் பங்கீட்டை மீறி வாயில் திணிக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது. தொலைக்காட்சி, கைப்பேசி முன்னால் தின்ன விடாதீர்கள். கண் திரையில் இருந்தால் வயிறு நிறைந்ததைப் பிள்ளை உணராது.

5. கைக்கு எட்டும் தட்டை ஒழுங்கு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிள்ளை கண்ணில் படுவதையும், உழைப்பில்லாமல் வாய்க்குப் போவதையும் எடுக்கும். உரிக்காத மாதுளை பூட்டிய பெட்டிக்குச் சமம். பக்கத்தில் பிஸ்கெட் இருந்தால் முடிவு தெரிந்ததுதான்.

எனவே இடுப்பு உயரத் தட்டில், கழுவி நறுக்கிய பழமோ உரித்த கடலையோ அவித்த கிழங்கோ, வேளைக்கு ஒரு கால் மணி முன்பே தயாராக இருக்கட்டும். பிள்ளையின் கைப்பிடி அளவுக்குச் சிறு கிண்ணங்களில் பிரித்து வையுங்கள். முழு டப்பாவையும் திறந்து வைத்தால் அளவு தெரியாமல் போகும்.

வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளை எறிய வேண்டாம். உயரத்தில், ஒளி புகாத டப்பாவில் வையுங்கள். தீர்ந்த பிறகு மறுபடி வாங்காதீர்கள். கண்ணெதிரே வைத்துக்கொண்டு "தொடாதே" என்பது எல்லாவற்றையும்விட மோசம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெனிபர் பிஷர், லீயன் பிர்ச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையில் இருந்தும் எடுக்க முடியாமல் தடுக்கப்பட்ட பண்டத்தைப் பற்றியே குழந்தைகள் கூடுதலாகப் பேசினார்கள், கேட்டார்கள். வாங்காமல் இருப்பது எளிது, வாங்கி வைத்துவிட்டுக் காவல் காப்பது கடினம்.

6. பருவம் பார்த்து நிரப்புங்கள்

நம் கரையில் இதற்குப் பஞ்சமில்லை. ஆனால் எது எப்போது மலிவு என்று பார்த்து வாங்காததால்தான் "நல்ல பண்டம் செலவு" என்ற பேச்சு வருகிறது.

சித்திரை முதல் ஆனி வரை நுங்கு. மார்கழி, தையில் பனங்கிழங்கு. மாசி, பங்குனியில் கொடுக்காப்புளி. ஆனி, ஆடியில் நாவல். ஆடி, ஆவணியில் பனம்பழம். தை ஒட்டி சீனிக்கிழங்கு. கோடையில் வெள்ளரிப்பிஞ்சு. கொய்யாவும் வாழையும் எப்போதும் உண்டு.

நுங்கு வழவழப்பானது, சிறு பிள்ளையின் தொண்டைக்குள் வழுக்கிப் போய் அடைத்துக்கொள்ளும். தோலை நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள். பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மேல்தோலையும் நடு நரம்பையும் எடுத்துவிட்டு, நார் குறுக்காக அறுபடும்படி மெல்லிய வில்லைகளாக வெட்டுங்கள். நீளமாகப் பிளந்து கொடுத்தால் நார் பல்லில் சிக்கும், பிள்ளை துப்பிவிட்டு மறுபடி தொடாது. தேங்காயும் துளி மிளகும் சேர்த்து இடித்துக் கொடுத்தால் நாரை விரும்பாத பிள்ளையும் தின்னும்.

பயறு வகைக்குத் திட்டம் காலையிலேயே தொடங்க வேண்டும். கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஊற வேண்டும். காலை ஏழுக்கு ஊறப் போட்டால் மாலை நான்கு மணிக்குக் குக்கரில் ஏற்றலாம். மறந்துவிட்ட நாளில் பாசிப்பயறு கைகொடுக்கும், அது குறைந்த நேரத்தில் வேகும். சுண்டலில் தேங்காயைத் தட்டில் போடும்போது மட்டும் தூவுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தேங்காய் கலந்த சுண்டல் சீக்கிரம் புளித்துவிடும். ஒருமுறை புளிப்பு வாடை பட்டால் சுண்டல் என்ற பெயருக்கே பிள்ளை முகம் சுளிக்கும்.

கேப்பையை மறக்க வேண்டாம். 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கேப்பைப் புட்டு, கேப்பை அடை இரண்டும் பசியைத் தாங்கும். குதிரைவாலி, கம்பு கிடைக்கும் வீட்டில் அவற்றையும் அடைமாவில் சேர்க்கலாம். அவித்த முட்டை, தயிர், எள்ளுருண்டை எல்லாம் இந்த வரிசைதான்.

முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை ஆகியவற்றை ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். மசித்தோ பொடித்தோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் பிளந்து கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்பது எந்த வயதுக்கும் ஆகாது.

கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எனக்கும் உயிர். ஆனாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். "கருப்பட்டிதானே" என்று கைகொள்ளாமல் போட்டால் சீனி போட்டதற்கும் அதற்கும் பல்லுக்கோ உடலுக்கோ பெரிய வேறுபாடு இல்லை. கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பும் அப்படியே. விசேஷத்துக்குத் தாராளமாகச் செய்யுங்கள், அன்றாட வேளைக்கு வேண்டாம்.

7. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. பல தெருக்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. தண்ணீர் நாக்குக்கு ஒவ்வாததால் பிள்ளை குடிக்காமல் இருக்கும். தாகத்தில் வரும்போது கலர் பாட்டிலைக் கேட்கும். தாகத்தைப் பசி என்று எண்ணித் தின்பண்டம் கேட்பதும் உண்டு.

குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரை மண்பானையில் ஊற்றி, கழுவிய வெட்டிவேர்த் துண்டு ஒன்றைப் போட்டு, பிள்ளை தானே மொண்டுகொள்ளும் உயரத்தில் வையுங்கள். பானையை மூடி வைப்பதும் தினமும் கழுவுவதும் முக்கியம். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் அல்லது மோர், அதன் பிறகு தட்டு.

சீனி கலந்த குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி பாட்டில் ஒன்றில் 20 கிராம், அதாவது நான்கைந்து தேக்கரண்டி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டுதல், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கே நாளொன்றுக்கு 25 கிராம் சர்க்கரையை எல்லையாக வைக்கிறது. பிள்ளைக்கு அதைவிடக் குறைவுதான் இருக்க வேண்டும்.

மாலைத் தேநீரும் பிள்ளைகளுக்கு வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கிறது. வர்க்கியைத் தேநீரில் தொட்டுத் தின்னும் பழக்கத்தை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால், முதலில் தேநீரைப் பாலாக மாற்றுங்கள், வர்க்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

8. இப்போதுதான் கேளுங்கள்: இதுவா, அதுவா?

நேரமும் தட்டும் நிலைத்த பிறகே இந்தப் படி. "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கடையில் தொங்குகிறது. இரண்டைக் காட்டிக் கேளுங்கள்.

"அம்மா, பிஸ்கெட்."

"பிஸ்கெட் சனிக்கிழமை. இப்போது கொய்யாவா, கடலையா?"

"இரண்டும் வேண்டாம்."

"சரி கண்ணு. தட்டிலேயே இருக்கட்டும், ஐந்து மணி வரை எடுத்துக்கொள்ளலாம்."

இவ்வளவுதான் பேச்சு. கெஞ்சலும் வேண்டாம், உடம்புக்கு நல்லது என்ற விளக்கமும் வேண்டாம். இரண்டுமே உங்களுக்குச் சம்மதமான பண்டமாக இருக்கட்டும். கடலையா பாகற்காயா என்று கேட்டால் பிள்ளை ஏமாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ஆறு வயதுக்கு மேல் தேர்வைச் சற்று விரிவாக்குங்கள். ஞாயிறன்று அடுத்த வாரத்துக்கான பண்டங்களைப் பிள்ளையையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்க் கொய்யாவைத் தொட்டுப் பார்த்து எடுக்க விடுங்கள். தான் உரித்த கடலையையும் தான் கிளறிய சுண்டலையும் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அரிது.

படித்து முடித்தால் சாக்லேட், பயறு தின்றால் ஐஸ்க்ரீம் என்ற பேரத்தை விட்டுவிடுங்கள். பரிசாகக் கொடுப்பதன் மதிப்பு பிள்ளை மனத்தில் ஏறும், அதற்காகத் தின்ன வைத்தது இறங்கும்.

9. ஒதுக்கியதை மறுபடி வையுங்கள்

"என் பிள்ளைக்குப் பயறு பிடிக்காது" என்ற முடிவு பெரும்பாலும் இரண்டு மூன்று தடவையில் எடுக்கப்படுகிறது. புதிய சுவையை ஏற்க ஒரு குழந்தைக்கு எட்டு முதல் பதினைந்து முறை வரைகூட அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கும். பிடித்த ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி மட்டும் வையுங்கள். தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் வேறு வடிவில் வையுங்கள். அவித்த பாசிப்பயறு வேண்டாம் என்ற பிள்ளை அதையே அடையாகத் தின்பதைப் பார்க்கிறோம்.

இந்த வேளையில் நீங்களும் அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்னுங்கள். பிள்ளைக்குப் பயறும் நமக்கு மிக்சரும் என்றால் வேலைக்கு ஆகாது.

10. கடைக் காசும் பாக்கெட் வாசிப்பும்

கடையை முழுதும் மறைக்க முடியாது. எட்டு வயதுக்கு மேல் வாரத்தில் ஒருநாள் கடைநாள் என்று வைத்து, வாங்கும் உரிமையைப் பிள்ளைக்கே கொடுங்கள். ஒரு நிபந்தனை: பாக்கெட்டின் பின்புறத்தை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். பொருள்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்றில் சர்க்கரையோ பாமாயிலோ மைதாவோ இருந்தால் பாக்கெட்டில் அதிகமாக இருப்பவற்றில் அதுவும் ஒன்று. படத்தில் பெரிதாக இருக்கும் பழம் பட்டியலின் கடைசியில் எங்கோ இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கு வரும் கோபம் நல்ல கோபம்.

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட நாலு தாய்மார் சேர்ந்து கேட்டால் பலன் உண்டு.

11. தடைக்கால விடுமுறைக்குத் தனித் திட்டம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகை நம்பிய வீட்டில் வரவு குறையும். அதே நேரம் கோடை விடுமுறை, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். சிக்கனத்துக்காக ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை நாடுவது இந்த மாதங்களில்தான் கூடுகிறது. நாலு பிள்ளைக்கு நாலு பாக்கெட் வாங்கும் காசுக்கு எவ்வளவு கடலை கிடைக்கும் என்று ஒருமுறை கடையில் கேட்டுப் பாருங்கள்.

அப்பா வீட்டில் இருக்கும் காலம் இது. முற்பகல் வேளையை அவரிடம் ஒப்படையுங்கள். நுங்கு சீவுவதும் வெள்ளரி நறுக்குவதும் அப்பா செய்தால் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். முற்பகல் வேளை பதினொன்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மதியச் சோறு தட்டிலேயே நிற்கும்.

12. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

மண், சாம்பல், பச்சரிசி, சிலேட்டுக்குச்சி என்று பிள்ளை தின்றுகொண்டிருந்தால் மேலே சொன்ன எந்தப் படியும் போதாது. இரும்புச்சத்துக் குறைவு அதற்குக் காரணமாக இருக்கலாம். அடிக்கடி சோர்வு, வெளிறிய கண் இமை, எடை ஏறாமல் நிற்பது ஆகியவையும் அப்படித்தான். அடித்துத் திருத்தப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். அன்று பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால், விடுபட்டவர்களுக்கு எந்த நாளில் கொடுக்கிறார்கள் என்று அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆசிரியரிடமோ மறுநாளே கேட்டுவிடுங்கள்.